அத்திமரத்துக் கடையில் சிலுவை நாள்

எலூத்தேரியோ மேஸ்திரி தலையாட்டிய நேரம் சரியில்லை. அவர் வாயில் ரொட்டி இருந்தது. மொச்சைக் குழம்பில் தோய்த்த சூடான சோள ரொட்டி. வாய் காலியாக இருந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்துப் பேசியிருப்பார். வாய் நிறைந்திருக்கும்போது பதில் சொல்ல மனிதனுக்குத் தலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அன்று திங்கட்கிழமை. வேலைக்கு மாடி ஏறுவதற்கு முன் அடுப்பங்கரையோரம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்திமரத்துக் கடைக்காரி குக்கா அக்கா மிளகாயை வதக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மேஸ்திரி, இந்தத் தடவ சிலுவை நாளு வியாழக்கிழமையில வந்து விழுந்திருச்சு. வியாழக்கிழமைன்னா என் கதி என்னன்னு உனக்குத் தெரியாததா? உன் ஆளுங்களுக்கு விருந்த வெள்ளிக்கிழமை வச்சுக்குவமா? முழுப் பன்னியா அடிச்சுப் போட்டுடுறேன். சரிதானே?"

மேஸ்திரி தலையாட்டினார்.

"தங்கமான மனுஷன்," என்றாள் அக்கா. அத்தோடு பேச்சு முடிந்தது.

ரொட்டி தொண்டையில் இறங்கிய பிறகுதான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது மேஸ்திரிக்கு உறைத்தது. மே மூன்றாம் தேதி சிலுவை நாள், கொத்தனார்களின் நாள். கட்டிடத்தின் உச்சியில் பூவும் காகிதமும் சுற்றிய சிலுவையை நடுவார்கள். வாணம் விடுவார்கள். வீட்டுக்காரர் தன் கையால் உணவு கொண்டுவந்து, வேலையாட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சம்மதித்த கொத்தனார், சில்பான்சிங்கோ ஊரில் தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

வேறு யார் கேட்டிருந்தாலும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு முடியாது என்று சொல்லியிருப்பார். கேட்டது குக்கா அக்கா.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை, மேஸ்திரி அப்போது மேஸ்திரி இல்லை. கலவை சுமக்கிற சித்தாள். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு அப்பிய கோலத்தில் இந்தக் கடை வாசலில் நின்றார். மற்றக் கடைகளில் அவரைப் போன்றவர்களுக்கு நாற்காலியில் செய்தித்தாள் விரித்துத்தான் உட்கார வைப்பார்கள். சில இடங்களில் பக்கத்துச் சந்து வழியாகக் கிண்ணத்தை நீட்டுவார்கள். அதனால் அவரே தன் கையிடுக்கில் ஒரு செய்தித்தாளை வைத்திருந்தார். குக்கா அக்கா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"சுண்ணாம்புதானே? எங்க சோளமும் அதுலதான் குளிக்குது. உக்காரு," என்று அத்திமரத்தடியில் இருந்த ஆறாம் நம்பர் மேசையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து அது அவர் மேசை. அந்த ஊரில் வியாழன் என்றால் பொசோலே நாள். காய்ச்சல் வந்த இரண்டு வியாழனையும் மனைவி இறந்த வியாழனையும் தவிர ஒரு வாரம் தவறியதில்லை. மனைவி இறந்த அன்று அக்காவே தூக்கில் பொசோலேயை ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சுண்ணாம்பில் வெந்து மல்லிகை மொட்டு போல விரிந்த சோளம், பன்றிக்கறி, பூசணி விதை அரைத்து ஊற்றிய பச்சைக் குழம்பு. அழுதுகொண்டே சாப்பிட்டார். அது வேறு கதை.

மாடியில் ஆட்கள் மூன்று பேர். சோன் என்கிற கிழட்டுப் பூச்சுக்காரர், ஃபிலெமோன், ஃபிலெமோனின் தம்பி. கடையில் இடம் போதவில்லை என்று அக்கா மேலே இன்னொரு கூடம் கட்டுகிறாள். சுவர் எழும்பிவிட்டது. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, முட்டுக் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை கான்கிரீட் போட வேண்டும். அதற்கு நான்கு பேரும் வேண்டும். சோன் கூட்டிவருகிற இன்னும் எட்டுப் பேரும் வேண்டும்.

மேஸ்திரி விஷயத்தைச் சொன்னார். சோன் மட்டப்பலகையைக் கீழே வைத்தார்.

"என்னது, வெள்ளிக்கிழமையா?"

"ஒருநாள்தானே சோன்."

"உன் கல்யாணத்த ஒருநாள் தள்ளி வச்சிருந்தா பொண்ணு இருந்திருக்குமாடா, தேரியோ?"

ஃபிலெமோன் சிரித்தான். "மேஸ்திரிக்கு என்ன? கீழ அவருக்கு ஆறாம் நம்பர் மேசை இருக்கு. அக்கா அவர் மூக்கைக்கூடத் தொடச்சு விடும். நமக்கு வெயிலும் பலகையும்."

"முழுப் பன்னி அடிக்கிறாங்கடா."

"பன்னி எனக்கு எதுக்கு?" சோன் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மேஸ்திரிக்குப் பயமாக இருந்தது. "முப்பத்தெட்டு வருஷமா கரண்டி புடிக்கிறேன். வருஷம் பூரா நாம கீழ நின்னு வீட்டுக்காரன அண்ணாந்து பாக்குறோம். ஒரே ஒருநாள் அவன் ஏணியில ஏறி நம்மகிட்ட வர்றான். அந்த நாளையும் நீ வித்துட்டு வந்திருக்க. அதுவும் எதுக்கு? ஒரு ரொட்டிக்கு."

"ரெண்டு ரொட்டி," என்றான் ஃபிலெமோனின் தம்பி. அவன் கீழிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

சோன் தீர்ப்பைச் சொன்னார். வியாழக்கிழமை சிலுவை நட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம். வீட்டுக்காரர் வந்தால் சாப்பாடு. வராவிட்டால் பட்டினி. பட்டினி கிடந்தால் சனிக்கிழமை கான்கிரீட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

சோன் சொன்னால் சொன்னதுதான் என்று மேஸ்திரிக்குத் தெரியும். மழை தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. தளம் போடாமல் பலகையோடு நின்றால் முதல் மழைக்கே பலகை முறுக்கிக்கொள்ளும். கடைக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை இரண்டு முறை இறங்கினார். முதல் முறை அக்கா சோளத்துக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை அவரைக் கண்டதும், "தங்கமான மனுஷன் வந்துட்டான்," என்று காப்பி ஊற்றிக் கொடுத்தாள். காப்பியைக் குடித்துவிட்டு மேலே ஏறினார். புதன்கிழமை வீட்டார் எல்லாரும் முற்றத்தில் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, வெந்த சோளத்தின் முனையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். முனை கிள்ளாவிட்டால் சோளம் மலராது. இருபதாயிரம் முனையைக் கிள்ளுகிறவளிடம் போய் என்ன சொல்வது?

வியாழன் விடிந்ததும் விடியாததுமாக ஊரெங்கும் வாணம் வெடித்தது. எங்கெல்லாம் பாதிச் சுவர் நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு வாணம். சோன் சென்ட்ரிங் பலகைத் துண்டில் செய்த சிலுவை. நீலமும் சிவப்புமாகக் காகிதம். பாதிரியார் காலைப் பூசையில் தீர்த்தம் தெளித்திருந்தார். அதை உச்சிச் சுவரில் நட்டார்கள். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தார் சோன். நெட்டுக்கு நின்றது. பிறகு நான்கு பேரும் சிலுவையடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். 

பத்து மணிக்குக் கீழே மிளகாய் வதக்குகிற நெடி வந்தது. பதினொன்றுக்குப் பூசணி விதை வறுபடும் மணம். பன்னிரண்டரைக்குப் பன்றித்தோலைப் பொரித்தார்கள்.

"இது கொலைபாதகம்," என்றான் ஃபிலெமோன்.

"மூக்கை மூடு," என்றார் சோன்.

"மூக்கை மூடினா வாய் தொறக்குது."

இரண்டு மணிக்கு ஊரே வேலையை விட்டு பொசோலேக்கு உட்கார்ந்தது. அத்திமரத்துக் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நீண்டது. பதிவாளர் அலுவலகத்துக்காரர்கள், ஆசிரியைகள், வண்டிக்காரர்கள், மாமியார் மருமகளோடு முழுக் குடும்பங்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் தலைகளாகத் தெரிந்தது. தட்டு மோதுகிற சத்தம், எலுமிச்சைக்குக் கூப்பிடுகிற சத்தம், சிரிப்பு. தெற்குப் பக்கம் எங்கோ ஒரு கட்டிடத்தில் வாணம் எழும்பி வெடித்தது. யாரோ ஒரு வீட்டுக்காரர் ஏணி ஏறிவிட்டார்.

இரண்டரைக்கு ஏணியடியில் ஒப்துலியாவின் குரல் கேட்டது. அக்காவின் மகள். கூடத்தில் பரிமாறுகிறவள். இரண்டு கையிலும் தட்டு.

"மேஸ்திரி! உங்க மேசை காலியா கெடக்கு. வெளிய நாப்பது பேரு நிக்கிறாங்க. அம்மா யாரையும் உக்காரவிட மாட்டேங்குது."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "யாருக்காச்சும் குடுத்துடு தாயி."

"நானா? போன வருஷம் ஒருத்தர் அதுல கைப்பைய வச்சதுக்கே அம்மா என்ன பேச்சுப் பேசிச்சு! நீங்களே வந்து சொல்லுங்க." அவள் போய்விட்டாள்.

மேஸ்திரி திரும்பினார். சோன் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிலெமோன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது பேர் நிற்கிற கடையில் தனக்காக ஒரு மேசை காலியாகக் கிடக்கிறது. தனக்கு மேல் ஒரு சிலுவை; அதனடியில் தன்னை நம்பி வேலைக்கு வந்த மூன்று பேர் பட்டினி. மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கமும் மட்டத்துக்கு வரவில்லை. ஏணியில் கால் வைத்தார்.

கூடத்தில் நுழைந்தால் ஒவ்வொரு மேசையையும் கடக்கும்போது, "நல்லா சாப்பிடுங்க," என்று சொல்லிக்கொண்டே போவது ஊர் வழக்கம். இன்றைக்கு அது அவர் வாயில் வரவில்லை. இரண்டாம் மேசையில் ஹெர்லிந்தா டீச்சர் கரண்டியை நிறுத்தினாள்.

"என்ன மேஸ்திரி, நாங்க நல்லா சாப்பிட வேண்டாமா?"

அவர் நேராக அடுப்பங்கரைக்குள் போனார். டீச்சர் சும்மா இருக்கிறவளா? காலி எலுமிச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

இடுப்பு உயரத்துக்கு அண்டா. குக்கா அக்கா பலகை மேல் நின்று அகப்பையால் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அவள் கணவர் நாபோர் பன்றித்தோலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா போன? சோளம் ஆறுது. போய் உக்காரு."

"அக்கா, நான் திங்கக்கிழமை தலையாட்டுனது தப்பு."

"எந்தத் தலை?"

"இந்தத் தலைதான். வாயில ரொட்டி இருந்துச்சு. சிலுவை நாள மாத்த முடியாதுக்கா. என் தலைய நான் ஆட்டிக்கலாம். அவங்க தலைய ஆட்ட எனக்கு உரிமை இல்ல. மேல மூணு பேரு காலைலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காங்க."

அக்காவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "பட்டினியாவா? என் வீட்டு மேலயா? என் கடையிலயா?" அவளுக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. "மூணு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? யோவ் நாபோர், நாலு பெரிய கிண்ணம் எடு. கறி நிறையப் போட்டு மேல அனுப்பு."

"கிண்ணம் வேணாம்கா."

"ஏன்?"

"கிண்ணம் மட்டும் வந்தா அது பார்சல். நீங்க வரணும்."

நாபோர் எடுத்த கிண்ணத்தைத் திரும்ப வைத்தார். 

"நானா?" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் எப்படிய்யா வருவேன்? நூத்தி இருபது பேரு உக்காந்திருக்காங்க. நாங்க இருக்கிறதே மூணு பேரு. முப்பத்தொரு வருஷத்துல வியாழக்கிழமை நான் உக்காந்ததே இல்ல. ஒப்துலியாவக்கூட புதன்கிழமை ராத்திரியே பெத்துட்டேன்."

"மறுநாள் மதியம் அகப்பை புடிச்சா," என்றார் நாபோர், பன்றித்தோலைப் பார்த்தபடி. "நான்தான் பிள்ளைய வச்சிருந்தேன்."

மேஸ்திரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.  இருபத்தாறு வருடத்தில் இந்த வீட்டில் அவர் எதையும் கேட்டதில்லை. இன்னொரு எலுமிச்சைத் துண்டுகூட. கேட்டுவிட்டார். இனி ஆறாம் மேசை இருக்குமோ இருக்காதோ.

"அகப்பைய இப்படிக் குடுங்க," என்றாள் வாசலில் நின்ற ஹெர்லிந்தா டீச்சர்.

"டீச்சர், நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"பள்ளிக்கூடத்துல தெனம் நாப்பது பிள்ளைங்களுக்கு ஊத்துறேன். ஒண்ணுகூட உங்க ஆளுங்க மாதிரி வரிசையில நிக்காது. குடுங்கன்னா." அவள் எலுமிச்சைத் தட்டை வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, வகுப்பறைக் குரலை எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு சிலுவை நாளு. வீட்டுக்காரங்க மேல கொத்தனாருங்களோட சாப்பிடப் போறாங்க. பதிவாளர் ஆபீசு ஆளுங்க எந்திரிங்க. தட்டு நீங்க தூக்குறீங்க. வருஷம் பூரா மேசையில கையெழுத்துப் போட்டுப் போட்டு உடம்பு வளத்தாச்சு."

கூடம் ஒரு கணம் விழித்தது. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன.

அக்கா அகப்பையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விடவில்லை. இரண்டு பேரும் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அடியிலேருந்து கலக்கி ஊத்தணும். இல்லேன்னா மொத ஆளுக்குத் தண்ணி, கடைசி ஆளுக்குக் கறி."

"தெரியும்."

"குழந்தைங்களுக்குக் காரம் தனியா."

"தெரியும் தாயே. கைய விடுங்க."

"நான் வரல," என்றார் நாபோர். "நான் போனா இவனுங்க பன்னித்தோல் பூராவும் அவனவன் தட்டுலயே கொட்டிக்குவானுங்க." அக்கா அவரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஃபிலெமோனும் தம்பியும் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். ஆறாம் நம்பர் மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். பின்னால் ஒப்துலியா கிண்ணங்களோடு, நாபோர் மெஸ்கால் சாராயப் புட்டியோடு. அக்கா ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மாதமாகத் தன் வீட்டின் மேல் எழும்புகிற சுவரை அவள் மேலேறிப் பார்த்ததில்லை. நேரமில்லை என்று சொல்லிவந்தாள். உயரம் என்றால் பயம் என்பதை இப்போதுதான் மேஸ்திரி கண்டுபிடித்தார்.

"கீழ பாக்காதீங்க அக்கா. என் கால் உங்க கால் பின்னாலயே இருக்கு."

"உன் காலை நம்பி ஏறுறேன். தலைய நம்பல."

கடைசிப் படியில் சோன் நின்றிருந்தார். கையை நீட்டப் போனவர், அதில் சுண்ணாம்பு காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கால்சட்டையில் தேய்த்தார்.

"தொடைக்காதீங்க," என்றாள் அக்கா, ஏணியை இறுகப் பிடித்தபடி. "சுண்ணாம்புதானே? எங்க சோளமும் அதுலதான் குளிக்குது. சீக்கிரம் புடிங்க, விழுந்துடப் போறேன்."

சோன் பிடித்துத் தூக்கினார். அவர் முகத்தில் மூன்று நாளாக இருந்த இறுக்கம் எங்கே போனதென்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. அக்கா சிலுவையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள். தலைத்துணியில் செருகியிருந்த சாமந்திப் பூவை எடுத்து அதன் கையில் கட்டினாள். நாபோர் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சொட்டு மெஸ்கால் ஊற்றினார். ஃபிலெமோன் வாணத்துக்குத் தீ வைத்தான். அது வெடித்ததும் கீழே கூடத்திலிருந்து, "நல்லா சாப்பிடுங்க!" என்று நூறு குரல் ஒன்றாக எழும்பியது.

ஆறாம் மேசையைச் சுற்றி ஏழு பேர். இடம் போதாமல் சோன் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். அக்காவுக்கு முன் கிண்ணம் வைக்கப்பட்டது. அவள் அதைப் புதுப்பொருள் போலப் பார்த்தாள். வெங்காயம் தூவினாள். எலுமிச்சை பிழிந்தாள். ஓரிகானோ இலையை உள்ளங்கையில் கசக்கிப் போட்டாள். மேஸ்திரி வழக்கம்போல, ருசி பார்க்காமலே, உப்புக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். சோனும் தூவினார். ஃபிலெமோனும், அவன் தம்பியும், நாபோரும் அப்படியே.

அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"உப்பு இல்ல," என்றாள்.

ஒருவரும் நிமிரவில்லை.

"இதுல உப்பே இல்ல! நான் அண்டாவுல கொதிக்கக் கொதிக்க நாக்குல விட்டுப் பாப்பேன், சரியாத்தான் இருக்கும். நாக்கு வெந்து போனவளுக்கு என்ன தெரியும்?" அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எப்பவுமே இப்படித்தானா?"

ஒப்துலியா கிண்ணத்துக்குள் சிரித்தாள். நாபோர் வானத்தைப் பார்த்தார்.

"டீச்சர்!" அக்கா சுவர் விளிம்பு வரை போய், உயரத்தை மறந்து, கீழே கத்தினாள். "அண்டாவுல ரெண்டு கை உப்பு போடுங்க!"

கீழே கைதட்டல் கிளம்பியது. யாரோ விசிலடித்தார்கள். "முப்பத்தொரு வருஷமா காத்திருந்தோம்!" என்று பதிவாளர் அலுவலகத்துக்காரர் ஒருவர் கத்தினார்.

சோன் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு கான்கிரீட்," என்றார், யாரையும் பார்க்காமல். "எட்டு ஆளு கொண்டாறேன். அக்கா, அன்னிக்கும் இதையே போடுங்க. உப்போட."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். முழங்கையால் மேஸ்திரியை இடித்தாள்.

"இவனுங்கள விடு. நீ சொல்லு. இருபத்தாறு வருஷமா என் முன்னால உக்காந்து சாப்பிட்ட. உப்பு இல்லன்னு தெரியுமா, தெரியாதா?"

மேஸ்திரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வாயில் சோளம் நிறைந்திருந்தது. தலையாட்டினார்.